முதல் தோசையைத் தின்னாதவர்

அவர் முதல் தோசையைத் தின்னமாட்டார். கல்லில் ஊற்றுவார், திருப்புவார், எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரங்களையெல்லாம் பார்ப்பார், தனியாக ஒரு தட்டில் வைத்துவிடுவார். அது சாம்பிள். இரண்டாவதை என் தட்டில் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"உப்பு எப்புடிங்க கண்ணு? கமெண்ட்ஸ் இருந்தாத் தாராளமாச் சொல்லுங்க."

நான் தலையாட்டினால்தான் அவருக்கு மூச்சு வரும். "செரி, அப்ப பல்க் போயிரலாமுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தோசையிலிருந்து மளமளவென்று வார்க்கத் தொடங்குவார்.

திருப்பூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர் பனியனுக்கு ஆர்டர் கொடுத்ததும் துணியை வெட்டிவிட முடியாது. முதலில் ஒன்றே ஒன்று தைத்து அனுப்பவேண்டும். அவர் கழுத்து இறக்கம், கை நீளம் என்று குறை சொல்வார். அதற்குப் பெயர் கமெண்ட்ஸ். திருத்திய பிறகு எஸ், எம், எல், எக்ஸெல் என்று அளவுக்கு ஒன்றாகத் தைத்து அனுப்பவேண்டும். அது சைஸ் செட். அதற்கும் ஓகே வந்தால்தான் மொத்தமாக வெட்டலாம். அந்த மொத்தம்தான் பல்க். இது தொழில் முறை. இவர் அதை வாழ்க்கை முறையாக்கி வைத்திருந்தார்.

தோசை வார்த்த இடம் திருப்பூரும் அல்ல, அதன் பக்கத்து அருள்புரமும் அல்ல. போர்ச்சுகல் நாட்டின் வடக்கே, பக்கத்திலேயே ஆறு ஓடும் ஒரு மலைக்கிராமம். அங்கே மரியா என்ற பெண் தன் குடும்பத்துக் கல்வீட்டைக் கோலிவிங் வீடாக மாற்றி நடத்திக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு அறை, எல்லாருக்கும் ஒரே சமையலறை, வேகமான இன்டர்நெட். பல நாட்டுக்காரர்கள் லேப்டாப்போடு வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். வேலை நேரம் போக மலையிலும் ஆற்றிலும் கிடப்பார்கள். நான் சோமனூர்த் தறிக்காரர் மகள். குழந்தைத் துணிகளில் அச்சடிக்கிற யானை, கரடி, வாத்துகளை வரைவது என் பிழைப்பு. எந்த நாட்டில் உட்கார்ந்து வரைந்தாலும் வாத்து வாத்துதான் என்பதால் கிளம்பிப் போய்விட்டேன். போய் இறங்கிய அன்று சமையலறைக்குள் நுழைந்தால், ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் மரியாவிடம் பணிவாகக் குனிந்து, "மேடம், திஸ் கல்லுங்க, லிட்டில் வளைஞ்சிருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை தூரம் பறந்து வந்து அவினாசி ரோட்டிலேயே இறங்கிவிட்டேனோ என்று ஒரு நொடி ஆடிப்போய்விட்டேன்.

அவருக்குச் சொந்த ஊர் குன்னத்தூர். அருள்புரத்தில் பனியன் கம்பெனி. மகன் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகும் இவர் தினமும் கம்பெனிக்குப் போய், ஓகே ஆன சாம்பிளையெல்லாம் இன்னொரு முறை தைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனியில் பனியன் வாங்கிக்கொண்டிருந்த பழைய பையர் ஒருவரின் தங்கை நடத்தும் இந்த வீட்டுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டான். "ஓய்வெடுங்கப்பான்னு அனுப்பிச்சானுங்க. அவன் ஓய்வெடுக்கத்தான் என்னைய அனுப்பிச்சான்னு ஏரோப்ளேன்ல ஏறுனப்பத்தான் தெரிஞ்சுதுங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் அண்ணா என்று கூப்பிட்டதைக் கேட்டு, வீட்டிலிருந்த ஜெர்மன்காரர் முதல் பிரேசில்காரி வரை எல்லாரும் அண்ணா, அண்ணா என்றார்கள். பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை.

எதற்காக இப்படிப் பயப்படுகிறார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். தொழில் தொடங்கிய புதிதில் அவசரத்தில் ஒரே ஒரு தடவை சாம்பிள் போடாமல் பல்க் வெட்டினாராம். கைக்குழந்தைச் சட்டை. எல்லாம் தைத்து, மடித்து, பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. கடைசி நாள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தால் கழுத்துக்குள் தலை போகவில்லை. வேறு குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அதற்கும் போகவில்லை.

"அப்புறம் என்னண்ணா பண்ணீங்க?"

"என்னங்க பண்றது? ஆட்டுக்குட்டிக்குக் கச்சிதமாப் போச்சுங்க. அந்த வருசம் குன்னத்தூர்ச் சந்தைக்கு வந்த குட்டியெல்லாம் கரடிப் படம் போட்ட சட்டையோடதான் வந்துதுங்க."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சட்டைகளை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வியர்க்கும்.

மரியாவின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை மாலையில் ஒரு தகர டப்பாவில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். ஒவ்வொன்றிலும் வெளியில் போய்ச் செய்யவேண்டிய ஒரு சவால் எழுதியிருக்கும். வந்ததை ஊருக்குத் திரும்புவதற்குள் முடிக்கவேண்டும். முடித்தவர்கள் வாசலில் தொங்கும் ஆட்டுமணியை அடிக்கலாம். எனக்கு, மரத்துக்கு மரம் கட்டிய துணித்தொட்டிலில், ஓடைமேல் தொங்கியபடி ஒரு ராத்திரி தூங்கவேண்டும் என்று வந்தது. நான் தலையணையோடு கிளம்பிவிட்டேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"சித்தெ இருங்க கண்ணு. சாம்பிள் பாக்காம ஏறாதீங்க."

என் எடைக்கு ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டி, என் தொட்டிலில் படுக்கவைத்து, குளிருமோ என்னவோ என்று அதற்கு ஒரு போர்வையும் போர்த்திவிட்டார். வீடே கூடி நின்று சிரித்தது. காலையில் போய்ப் பார்த்தால், முடிச்சு அவிழ்ந்து, மூட்டை ஓடைப் பாறையில் விழுந்து பிளந்து கிடந்தது. அன்று மதியம் எல்லாருக்கும் நசுங்கிய உருளைக்கிழங்கு பொரியல். அதைத் தின்னும்போது என் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அந்த நாளிலிருந்து அவர் எதற்குச் சாம்பிள் என்றாலும் நான் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பழகினேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அண்ணனுக்கு வந்த சீட்டுதான் வினை. வீட்டுக்குக் கீழே ஆறு ஒரு மடுவாகத் தேங்கி நிற்கும். கண்ணாடிபோல் பச்சைத் தண்ணீர், நல்ல ஆழம். மடுவைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகப் பாறைகள். எல்லாவற்றையும்விட உயரமான பாறையிலிருந்து குதிக்கவேண்டும். மரியா பிறந்ததிலிருந்து குதிக்கிற பாறைதான், ஆபத்து ஒன்றும் இல்லை. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாறைகளுக்குப் பெயர் வைத்தார்: எஸ், எம், எல், எக்ஸெல்.

முதலில் எக்ஸெல்லிலிருந்து ஒரு கல்லைப் போட்டார். பிறகு மரியாவின் தோட்டத்துப் பூசணிக்காயைப் போட்டார். பிறகு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, எஸ்ஸிலிருந்து குதித்தார். முழங்கால் உயரம்தான் இருக்கும். ஒவ்வொரு குதிக்குப் பிறகும் கரையில் இருந்தவர்களிடம் கமெண்ட்ஸ் கேட்டார். "கால் கொஞ்சம் அகலம்" என்றாள் பிரேசில்காரி. திருத்திக்கொண்டு மறுபடி குதித்தார். எம் முடிந்தது, எல் முடிந்தது, சைஸ் செட்டில் பாக்கி ஒன்றே ஒன்று. எக்ஸெல்மேல் ஏறி நின்றார். நின்றார். நாங்கள் கீழே சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு தூக்கமும் போட்டோம். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நடந்தே இறங்கி வந்துவிட்டார்.

"என்னண்ணா ஆச்சு?"

"அப்ரூவல் வரலீங்க."

"யாருகிட்டயிருந்து?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். மணி அடிக்காமல் ஊருக்குத் திரும்பினார். மரியா அவர் சீட்டைத் தூக்கிப் போடவில்லை. நீ திரும்பி வருகிறவரை இது இங்கேயே இருக்கும் என்று சொல்லி, அடுப்புக்கு மேலே சுவரில் குத்தி வைத்துவிட்டாள்.

நானும் சோமனூர் திரும்பிய பிறகு, நாலு நாளைக்கு ஒரு தடவையாவது திருப்பூரிலிருந்து எனக்குப் போன் பண்ணுவார். நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகவும், சின்னக் குழந்தைகளோடு நிற்பது கொஞ்சம் கூச்சமாக இருப்பதாகவும் சொன்னார். ஒருநாள் மட்டும் குரல் மாறியிருந்தது.

"கண்ணு, இத்தன வருசத்துல ஒருத்தன் ஓகே சொல்லாம நான் எதையுமே பண்ணுனதில்லீங்க. சட்டைத்துணிகூட எம்பட ஊட்டுக்காரிகிட்டக் காட்டித்தான் எடுப்பேன். அந்தப் பாறை மேல நின்னப்ப, கீழ ஆராச்சும் ஓகே சொல்லுவாங்கன்னு பாத்துட்டே நின்னேனுங்க. இந்த ஒண்ணையாச்சும் ஆரையும் கேக்காமப் பண்ணிப்போடோணும். இல்லீன்னா நானும் ஒரு மனுசனான்னு இருக்குதுங்க."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "போலாமுங்கண்ணா, அடுத்த கோடைக்கே போலாம்" என்றேன்.

போனோம். இந்த முறை அவர் மனைவியும் வந்தார். அக்கா எல்லாவற்றிலும் அவருக்கு நேர் எதிர். உப்பைக் கையால் அள்ளிப் போடுவார், ருசி பார்க்கமாட்டார், சரியாக இருக்கும். பயணத்துக்கென்று வாங்கிய சுடிதாரையும் ஷூவையும் முதல்முதலாக ஏர்போர்ட் வாசலில்தான் போட்டுப் பார்த்தார். விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தன் கல்யாணக் கதையைச் சொன்னார்.

"பொண்ணு பாக்க மூணு தடவ வந்தாருங்க. மூணாந்தடவ எங்கப்பாரு, 'ஏனுங் மாப்ள, இன்னொருக்கா வந்தீங்கன்னா தோட்டத்துக் கெணத்துல தள்ளிப்போடுவேன்'னுட்டாரு. அந்தக் கெணத்துல நான் பாவாடையோட குதிச்சுக் குதிச்சு வளந்தவ. இவருக்கோ எட்டிப் பாத்தாலே கிறுகிறுன்னு வரும். ஒடனே செரின்னுட்டாரு."

அண்ணன் அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

லிஸ்பன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் அண்ணனின் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துக் கூப்பிட்டார். திறந்தால், உள்ளே தலையில்லாத ஒரு ஆள் மடிந்து படுத்திருந்தான். நான் அலறிவிட்டேன். அதிகாரி ஒரு எட்டுப் பின்னால் போனார். அண்ணன் மட்டும் நிதானமாக, "சார், திஸ் இஸ் மீ. ஃபிட் சாம்பிளுங்க" என்றார்.

கம்பெனியில் தன் உடம்புக்கு அளவெடுக்கச் சொல்லி, இன்டர்லாக் என்கிற பனியன் துணியில் கையும் காலுமாக ஒரு பொம்மை தைத்து, உள்ளே கட்டிங் வேஸ்டை அடைத்துக் கொண்டு வந்திருக்கிறார். தன் இடத்தில் அதைப் பாறையிலிருந்து போட்டுப் பார்க்கத்தான். அதிகாரிகள் பொம்மையின் வயிற்றைப் பிரித்தார்கள். வெட்டிய துணியின் மிச்சம் ரோஸும் வெள்ளையுமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர்களே சிரித்துவிட்டு அனுப்பினார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"ஆரையும் கேக்காமப் பண்ணோணும்னு வந்துட்டு, பொம்மையக் கேட்டுட்டுப் பண்ணப் போறீங்களா? அட கெரகமே. இத எங்கியாச்சும் போட்டுட்டு வாங்க. அப்பத்தான் நான் அந்த ஊட்டுக்குள்ள கால் வெப்பேன்."

அண்ணன் துணி மிச்சத்தைப் பொம்மைக்குள் திணித்துப் பெட்டியை மூடினார். வீடு போய்ச் சேர்ந்ததும் பொம்மையை மரியாவிடம் கொடுத்துவிட்டார். அவள் அதை முட்டைக்கோஸ் தோட்டத்தில் நட்டு வைத்தாள். பறவைகள் வரவில்லை என்று அவளுக்கு மகிழ்ச்சி. அடுப்புக்கு மேலே அவர் சீட்டு எண்ணெய்ப் புகையில் பழுத்து, அதே ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் தினமும் பார்ப்பார், தோசையைத் திருப்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வாருங்கள், நான் முன்னால் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நீலக் கட்டம் போட்ட சட்டை, குளிருக்குக் குரங்குக் குல்லா. அக்காவும் நானும் தூக்குச்சட்டியோடு பின்னால் நடந்தோம். பாதை ஒரு வளைவில் திரும்பும். அங்கே வந்ததும்தான் மடுவும் எக்ஸெல் பாறையும் கண்ணில் படும்.

நாங்கள் திரும்பவும், பாறையிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டையும் குரங்குக் குல்லாவும் விழவும் சரியாக இருந்தது. கையும் காலும் எங்கெங்கோ போக, தலைகுப்புற விழுந்தது. பெரிய சத்தம். தண்ணீர் எழும்பி அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் மேலே வரவில்லை.

அக்கா தூக்குச்சட்டியை விட்டெறிந்தார். "ஏனுங்க" என்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஏற்றத்தில் ஓடினார். பாறை நுனிக்குப் போய் நிற்கக்கூட இல்லை. ஓடிய ஓட்டத்திலேயே, ஷூவோடு, துப்பட்டா வானத்தில் பறக்க, குதித்துவிட்டார்.

நான் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது அங்கே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டையில்லாமல், முண்டா பனியனோடு, பெரிய கல்லுக்குப் பின்னால். கையில் போன். தோட்டத்துப் பொம்மையைத் தூக்கி வந்து, தன் சட்டையை மாட்டி, தலைக்குக் குல்லாவில் துணியை அடைத்து வைத்துத் தள்ளி, அது விழுந்ததை வீடியோ எடுத்து, அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி ஓட்டிக் கமெண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீடியோச் சத்தத்தில் அக்கா கத்தியதும் தன்னைத் தாண்டி ஓடியதும் அவருக்குத் தெரியவில்லை. அவர் நின்றது அக்காவுக்குத் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஆருங்க கண்ணு அது?"

"அக்காண்ணா" என்றேன்.

அவர் கீழே பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கவில்லை. போனையும் கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டு, கால் அகலம் எல்லாம் தப்பாக, "புள்ள" என்று கத்தியபடி பாறையைவிட்டுப் போய்விட்டார். நான் வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நுனிக்குத் தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

முதலில் அக்காவின் தலை வந்தது. பிறகு அண்ணனின் தலை. கடைசியாக அந்த மூன்றாவது ஆள். தன் எடையில் பாதியாவது வேண்டும் என்று அவன் வயிற்றில் அண்ணன் கல்லை அடைத்திருக்கிறார். ஊரெல்லாம் வியர்வை உறிஞ்சுகிற துணி தைத்து விற்றவர், பஞ்சுத் துணி தண்ணீரைக் குடித்தால் கனக்கும் என்பதை யோசிக்கவில்லை. அதனால் நேரே அடிக்குப் போயிருக்கிறான். அக்கா முங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் வயிறு கிழிந்து, கல் எல்லாம் கொட்டி, மேலே வந்துவிட்டான். மடு முழுக்க ரோஸும் வெள்ளையுமாக வேஸ்ட் மிதந்தது. நடுவில் குரங்குக் குல்லா.

"சைடு தையல் உட்டுப்போச்சு" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே.

அக்கா அவரையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். பனியனைப் பிடித்து உலுக்கினார். அழுதார், திட்டினார், இரண்டும் ஒன்றாகவே வந்தது.

"அப்ப நீங்க மேலதான் நின்னுட்டு இருந்தீங்களா? பொம்மைய எடுக்கவா நான் குதிச்சேன்? நீங்க எதுக்குக் குதிச்சீங்க?"

"நீ குதிச்சுட்டயே புள்ள."

அக்கா அவர் பனியனை விடவே இல்லை. மேலே நான் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அண்ணாந்து பாறையைப் பார்த்தார். "கண்ணு, அந்த எக்ஸெல்லுல இருந்துங்களா நான் வந்தேன்?" என்று கேட்டார்.

"ஆமாங்கண்ணா."

"அடடே" என்றார். பிறகு சின்னப் பையனைப்போலத் தண்ணீரை இரண்டு கையாலும் அடித்தார்.

அன்று மதியம் வீட்டிலிருந்த எல்லாரும் வந்து மடுவில் இறங்கி வேஸ்டைப் பொறுக்கினோம். ஆற்றில் ஒரு துண்டுகூட விடக்கூடாது என்று அண்ணன் கண்டிப்பாக நின்றார். மாலையில் மரியா சுவரிலிருந்த சீட்டைப் பிய்த்து எடுத்தாள். அண்ணன் மணிக்கயிற்றை அக்கா கையில் கொடுத்தார். இருவரும் சேர்ந்து பிடித்து அடித்த அடியில் கயிறு அறுந்து மணி, அந்த வருடமும் வந்திருந்த ஜெர்மன்காரர் காலில் விழுந்தது. பொம்மை துவைத்துக் காயவைக்கப்பட்டு, கிழிந்த வயிறோடு முட்டைக்கோஸுக்குக் காவலுக்குத் திரும்பியது.

மறுநாள் காலை அண்ணனைக் கல்லுக்குப் பக்கத்தில் அக்கா விடவில்லை. தானே மாவைக் கரைத்தார், ருசி பார்க்காமல் ஊற்றினார். முதல் தோசையை எடுத்து நேரே அவர் தட்டில் போட்டார். ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வெந்தும் வேகாமலும், வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் ஒரு தோசை. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் போனார். கை பாதியில் நின்றது. தட்டிலேயே வைத்துப் பிய்த்து, சட்னியில் தொட்டு, கடைசித் துண்டுவரை தின்றார். விரலையும் நக்கினார்.

பிறகுதான் அக்காவை நிமிர்ந்து பார்த்து, "ஓரம் கொஞ்சம் தீஞ்சிருக்குது புள்ள" என்றார்.